ஓணம் முடிந்ததும் என்ஐசியூ, தீபாவளியை வீட்டில் எப்படி வைப்பது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிக்கிறவர்களுக்கும் புரியட்டும். ஓணம் கழிந்து ரெண்டாம் நாள், சரியாக முப்பது வாரத்தில் பிறந்த இரட்டைக் குழந்தைகள். கோயமுத்தூரில் 52 நாள் என்ஐசியூ, அதாவது பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. கேரள எல்லைப் பக்கத்து வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது, ஒருத்தர் 2.1 கிலோ, ஒருத்தர் 1.9 கிலோ. இன்னும் பன்னிரண்டு நாளில் தீபாவளி. பொள்ளாச்சியில் மாமியார் வீட்டில் நாத்தனாருக்குத் தலைதீபாவளி, முப்பது பேருக்கு மேல் கூடுகிறார்கள், "ஒரே ஒரு நாள் கொண்டு வந்து காட்டிவிட்டுப் போங்கள்" என்கிறார்கள். போகலாமா, போகாவிட்டால் எப்படிச் சொல்வது, வீட்டிலேயே வைத்தால் எண்ணெய்க் குளியல், புதுத்துணி, பட்டாசு எல்லாம் என்ன செய்வது?

போகாதீர்கள் அம்மணி. ஒரு நாள் இல்லை, ஒரு மணி நேரத்துக்குக்கூட வேண்டாம். அதற்காகத் தீபாவளியே வேண்டாம் என்று விளக்கை அணைத்துவிட்டு உட்காரவும் வேண்டாம். இந்த ரெண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், பி.பார்ம் படித்தவன். எங்களுக்கும் இரட்டையர்தான், பையனும் பொண்ணும், 29 வாரத்தில் ஒரு ஐப்பசி மாதம் பிறந்தார்கள், 1,240 கிராமும் 1,080 கிராமும். 61 நாள் என்ஐசியூ. இப்போது ரெண்டாம் வகுப்பு படிக்கிறார்கள், வாய் ஓயாது. அதனால் கொஞ்சம் கடையில் கற்றது, மிச்சம் அடிபட்டுக் கற்றது.

முதலில் ஒரு கணக்கு. முப்பது வாரத்தில் பிறந்தவர்களுக்கு நாற்பது வாரம் நிறைய இன்னும் பத்து வாரம் இருந்தது, அதாவது எழுபது நாள். 52 நாள் ஆஸ்பத்திரி, பத்து நாள் வீடு, ஆக இன்றைக்கு 62. உங்கள் பிரசவத் தேதி இன்னும் எட்டு நாளில் வருகிறது, அதற்கு நாலாம் நாள் தீபாவளி. தீபாவளியன்று உங்கள் பிள்ளைகளுக்கு ரெண்டரை மாதம் என்று ஊர் சொல்லும், ஆனால் உடம்புக் கணக்கில் அவர்கள் பிறந்து நாலு நாளான பச்சைக் குழந்தைகள். இதைத்தான் டாக்டர்கள் கரெக்டட் ஏஜ் என்கிறார்கள். குப்புற விழுவது, தலை நிற்பது, சிரிப்பது எல்லாவற்றுக்கும் ரெண்டு வயது வரை இந்தக் கணக்கைத்தான் பார்ப்பார்கள்.

இந்தக் கணக்கு உங்களுக்கு மருத்துவத்துக்கு மட்டும் இல்லை, மாமியாரிடம் பேசவும் உதவும். "அத்தை, குழந்தை பிறந்து நாலாம் நாள் யாராவது பொள்ளாச்சிக்குத் தூக்கிக்கொண்டு போவார்களா?" என்று கேட்டுப் பாருங்கள். நம் பெரியவர்களுக்கு நோய்த்தொற்று என்று சொன்னால் பிடிக்காது, "நாங்கள் எல்லாம் பிள்ளை பெறவில்லையா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். தீட்டு என்று சொன்னால் உடனே புரியும். பிள்ளை பெற்ற வீட்டில் இத்தனை நாள் வெளியாள் வரக்கூடாது, வந்தாலும் கால் கழுவிவிட்டுத்தான் வர வேண்டும் என்று அவர்களேதான் ஒரு காலத்தில் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். காரணம் வேறாகச் சொன்னார்கள், செய்தது சரிதான். அந்த நாட்களை இன்னும் நீட்டியிருக்கிறோம் என்று சொல்லுங்கள். அப்படியும் நடக்கவில்லை என்றால் டாக்டர் மேல் பழியைப் போடுங்கள், "டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்" என்று. டாக்டர்கள் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், எங்கள் டாக்டர் அவரே சொல்லிக்கொடுத்ததுதான் இது. முக்கியமாக, இதைச் சொல்ல வேண்டியது உங்கள் வீட்டுக்காரர், நீங்கள் இல்லை. அவருடைய அம்மாவிடம் அவர் சொன்னால் அது செய்தி, நீங்கள் சொன்னால் அது சண்டை.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், நான் அந்தக் கறாரைக் காட்டவில்லை.

எங்கள் பிள்ளைகள் மார்கழியில் வீட்டுக்கு வந்தார்கள். திருவாதிரைக் காற்று அடிக்கிற நேரம். பாலக்காட்டுப் பக்கம் இருக்கிறவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை, கணவாய் வழியாகக் கிழக்கேயிருந்து வந்து உதட்டை வெடிக்க வைத்து வாசலெல்லாம் புழுதியைக் கொட்டிவிட்டுப் போகிற காற்று. ஒரு மாதம் நன்றாகப் பார்த்துக்கொண்டோம். பொங்கல் வந்தது. எங்கள் சித்தூர்ப் பக்கம் பொங்கலுக்கு லீவு உண்டு, கேரளாவில் பாலக்காடு மாதிரி எல்லையோர மாவட்டங்களுக்குக் கொடுப்பார்கள். மச்சினன் குடும்பத்தோடு வந்தான். அவன் பையனுக்கு நாலு வயது, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. பார்த்தேன். மாட்டுப்பொங்கலும் அதுவுமாக வாசலில் நிறுத்தி எப்படித் திருப்பி அனுப்புவது என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பையன் ஆசையாகப் போய் சின்னவளின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தான். அஞ்சாம் நாள் அவள் பால் குடிப்பதை நிறுத்தினாள், நெஞ்சுக்கூடு உள்ளே இழுக்க ஆரம்பித்தது. மூச்சுக்குழல் சிறு கிளைகளில் வரும் சளி, பிராங்கியோலைட்டிஸ் என்றார்கள். ஆறு நாள் ஆக்சிஜன். பெரிய ஆளுக்கு வெறும் ஜலதோஷமாக வந்துபோகிற ஆர்எஸ்வி மாதிரியான கிருமிதான் குறைமாசக் குழந்தையின் நுரையீரலில் இந்த வேலையைச் செய்யும். அந்தப் பையன் மேல் ஒரு தப்பும் இல்லை, கதவைத் திறந்தவன் நான்தான். திரும்பவும் அதே பீப் பீப் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோது என் வீட்டுக்காரி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

சரி, இனி உங்கள் தீபாவளி.

யார் வரலாம்? நோயில்லாத, வீட்டுக்கு எப்படியும் வந்துபோகிற அப்பத்தா, அம்முச்சி, அப்புச்சி அளவுக்கு நாலைந்து பேர். எல்லோரும் ஒரே நாளில் வர வேண்டியதில்லை, தீபாவளிக்கு முந்தின நாள் ஒருத்தர், மறுநாள் ஒருத்தர் என்று பிரித்துவிடுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இந்த வருடம் ஜன்னலோடு சரி. இருமல், தும்மல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, உதட்டில் கொப்புளம் இருக்கிறவர்கள் யாராக இருந்தாலும் வரக்கூடாது. அந்த உதட்டுக் கொப்புளத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் அது ஹெர்பிஸ் கிருமி, பச்சைக் குழந்தைக்கு முத்தத்தில் ஒட்டினால் உயிருக்கே ஆபத்தாகும். முத்தம் யாருக்கும் இல்லை, கையிலும் வேண்டாம், அந்தக் கையைத்தான் பிள்ளை வாயில் வைக்கும். காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகட்டும், நம் ஊரில் அதற்கு மரியாதையும் உண்டு.

கை கழுவச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்கு என் அம்மா கண்டுபிடித்த வழி நல்ல வழி. வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர், சொம்பு, சோப்பு, துவைத்த துண்டு ரெண்டு. வருகிறவர்கள் தானாகவே கை கால் கழுவினார்கள், யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சோப்புப் போட்டு இருபது விநாடி, மோதிரம் வளையலுக்கு அடியிலும் தேய்க்க வேண்டும், அதை மட்டும் அம்மா திண்ணையில் உட்கார்ந்து ஒரு கண் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் அதிகமானால் குழந்தைகளைத் திண்ணைப் பக்கத்து ஜன்னல் வழியாகக் காட்டினோம். என் பெரியம்மா ஒருத்தி, "என்னடா, ஜெயிலில் இருக்கிறவனைப் பார்க்கிற மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னால் சொல்லட்டும்.

தலைதீபாவளி நடக்கிற வீட்டுக்கு வீடியோ கால் போடுங்கள். ஆனால் அவர்கள் கூப்பிடும்போது இல்லை, பிள்ளைகள் பால் குடித்துத் தூங்குகிற நேரம் பார்த்து நீங்கள் கூப்பிடுங்கள். உங்கள் வீட்டுக்காரர் வேண்டுமானால் காலையில் போய்த் தங்கச்சிக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு மத்தியானம் திரும்பட்டும், வந்ததும் குளித்துத் துணி மாற்றிவிட்டுப் பிள்ளைகளைத் தொடட்டும். ரெண்டு பேரும் போகாமல் இருந்தால் நாத்தனார் மனதில் அது காலத்துக்கும் நிற்கும். அவள் தலைதீபாவளியும் ஒரு முறைதான்.

பட்டாசுக்கு வருகிறேன். எல்லையில் இருக்கிற நமக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு. 2018-இல் சுப்ரீம் கோர்ட் சொன்ன ரெண்டு மணி நேரத்தைத் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்து வைத்திருக்கிறார்கள், கேரளாவில் இரவு 8 முதல் 10. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் இருந்தால் ரெண்டு பக்கத்துச் சத்தமும் காதில் விழும், ஆகக் காலையில் ஒரு மணி நேரம், ராத்திரி மூணு மணி நேரம். அதுவும் எல்லோரும் சொன்னபடி கேட்டால். ஒரு வெடி நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் வரை சத்தம் போட அனுமதி இருக்கிறது, என்ஐசியூவில் 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது பரிந்துரை. எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள்.

என்ன செய்யலாம்? அந்த நேரத்துக்குத் தெருவைப் பார்க்காத உள்ளறைக்குப் போய்விடுங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். காதில் பஞ்சு வைக்காதீர்கள், உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் கங்காரு முறை சொல்லிக்கொடுத்திருப்பார்களே, வெறும் நெஞ்சோடு குழந்தையைச் சேர்த்து வைத்துக்கொள்வது, அதைச் செய்ய இதைவிட நல்ல நேரம் கிடையாது. நீங்கள் ஒன்று, வீட்டுக்காரர் ஒன்று. 1978 வாக்கில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் ஆரம்பித்தது இது, இப்போது உலக சுகாதார நிறுவனமே குறைமாச, எடை குறைந்த குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் செய்யச் சொல்கிறது. வெளியே வெடி வெடிக்க வெடிக்க, அப்பன் நெஞ்சில் இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டு பிள்ளை தூங்கிவிடும். நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

சத்தத்தைவிடப் புகைதான் எனக்குப் பயம். உங்கள் வீட்டு வாசலில் எதுவும் கொளுத்த வேண்டாம், "சத்தமில்லாததுதானே" என்று கம்பி மத்தாப்பு, பாம்பு மாத்திரை எடுப்பார்கள், சத்தம் இல்லாததில்தான் புகை அதிகம், பாம்பு மாத்திரை அதில் மோசம். வெளியே யார் கொளுத்திவிட்டு வந்தாலும் சட்டை மாற்றாமல் பிள்ளையைத் தூக்கக்கூடாது. ஊதுபத்தி, கற்பூரம், கொசுவத்திச் சுருள், சிகரெட் எல்லாம் இதே கணக்கு. சாம்பிராணியும்தான். குளிப்பாட்டி முடித்துச் சாம்பிராணிப் புகை காட்டுவது நமக்கு எவ்வளவு பழக்கம் என்று தெரியும், அந்த வாசனை வராமல் பிள்ளை வளர்த்த வீடு மாதிரியே இருக்காது. ஆனால் வென்டிலேட்டரிலும், மூக்கு வழியாகக் காற்றைத் தள்ளுகிற சிபாப்பிலும் இருந்துவிட்டு வந்த நுரையீரலுக்கு அது வேண்டாம். நல்லெண்ணெய் விளக்கு ரெண்டு வாசலில் ஏற்றுங்கள், தீபாவளிக்கு அது போதும். கொசுவுக்கு வலை கட்டுங்கள்.

எண்ணெய்க் குளியல். காலை நாலு மணிக்கு எழுப்பி எண்ணெய் தேய்த்துக் கங்கா ஸ்நானம் செய்து வைப்பது பெரியவர்களுக்கு. இவர்களுக்கு வெயில் ஏறி ஒன்பது, பத்து மணிக்கு, காற்று வராத அறையில், கொஞ்சம் தேங்காய் எண்ணெயை உங்கள் உள்ளங்கையில் சூடேற்றி உடம்பில் மெதுவாகத் தடவுங்கள், அது நல்லதுதான். குளிப்பாட்டலாமா, ஈரத்துணியில் துடைத்தால் போதுமா என்பதை எடையைப் பார்த்து டாக்டர் சொல்லியிருப்பார், அதை விட்டு மாறாதீர்கள். குளிப்பாட்டுகிற பாட்டி யாராவது வந்தால் அவருக்குச் சேலை எடுத்துக்கொடுத்துக் கும்பிட்டு அனுப்புங்கள், பிள்ளையைக் கொடுக்காதீர்கள். மூக்கில் எண்ணெய் விடுவது, மூக்கைப் பிடித்து ஊதுவது, தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பது, கைகாலை முறுக்குவது எதுவும் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆன பிள்ளைகள் உண்டு.

வாயில் என்ன வைக்கலாம் என்று கேட்பார்கள், பண்டிகை என்றால் கட்டாயம் கேட்பார்கள். எல்லையில் இருப்பதால் ரெண்டு பக்கத்து வழக்கமும் நம் தலையில்தான் விழும். இந்தப் பக்கம் நாக்கில் தடவுகிற சேனை, தேன், உரைமருந்து, அந்தப் பக்கம் பொன்னும் வயம்பும் (நம் வசம்புதான்) உரைத்துக் கொடுப்பது. ஒன்றும் வேண்டாம். தாய்ப்பாலும் டாக்டர் எழுதிக்கொடுத்த வைட்டமின் டி, இரும்புச்சத்து சொட்டு மருந்தும் மட்டும். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நரம்பையே தளர்த்திவிடும், போட்டுலிசம் என்பார்கள், அதனால் ஒரு வயது வரை தேனைத் தொடவே கூடாது. கிரைப் வாட்டரும் தேவையில்லை. என் கடையிலேயே உரைமருந்துக் கட்டும் கிரைப் வாட்டரும் அடுக்கி வைத்து விற்கிறேன், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். குறைமாசக் குழந்தைக்கு என்று கேட்டால் கொடுப்பதில்லை, கோபித்துக்கொண்டு அடுத்த கடையில் வாங்கிக்கொள்கிறார்கள். கண்ணுக்கு மையும் வேண்டாம், சில மையில் ஈயம் இருக்கும். திருஷ்டிக்கு வேண்டுமானால் பாதத்தின் அடியில் ஒரு பொட்டு வையுங்கள்.

கழுத்தில் கறுப்புக் கயிறு, சங்கிலி கிடையாது, தூக்கத்தில் இறுகும். இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டுகிற சடங்கு உங்களுக்கு ஆஸ்பத்திரியில் போயிருக்கும், எங்களுக்கும் அப்படித்தான். எங்கள் அம்மா பிரசவத் தேதியிலிருந்து புதிதாக எண்ணி இருபத்தெட்டாம் நாள் கட்டினாள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது, கரெக்டட் ஏஜ் என்ற வார்த்தையை யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவளுக்குக் கணக்கு வந்துவிட்டது. இடுப்பில் ரெண்டு விரல் நுழைகிற மாதிரித் தளர்வாகக் கட்டுங்கள், எடை ஏற ஏற மாற்றுங்கள். பின்னால் குருவாயூரில் சோறூட்டுவது, பழனியில் மொட்டை எல்லாவற்றுக்கும் இதே கணக்கை வைத்துக்கொள்ளலாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

இப்போது, மற்றதெல்லாம் மறந்தாலும் மறக்கக்கூடாத ஒன்று. கண் பரிசோதனை. முப்பது வாரக் குழந்தைகளுக்கு விழித்திரை ரத்தக்குழாய் முழுதாக வளர்ந்திருக்காது, ஆர்ஓபி என்பார்கள். பிறந்து நாலு வாரத்துக்குள் முதல் பரிசோதனை ஆகியிருக்கும், அதன்பிறகு ரத்தக்குழாய் முழுதாக வளர்ந்துவிட்டது என்று கண் டாக்டர் சொல்கிற வரைக்கும் ஒரு வாரம், ரெண்டு வாரம் என்று தேதி கொடுத்துக்கொண்டே இருப்பார். டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து அடுத்த தேதி என்ன என்று இப்போதே பாருங்கள். தீபாவளி வாரத்தில் விழுந்தால், "பண்டிகை முடிந்து போகலாம்" என்று யாராவது சொல்வார்கள். அந்த ஒரு வாரத்தில் பார்வை போய்விடக்கூடும், சிகிச்சை தேவை என்று தெரிந்தால் ரெண்டு மூணு நாளுக்குள் செய்தாக வேண்டிய நோய் அது. லீவு என்றால் முன்கூட்டியே போன் போட்டு முந்தின தேதி வாங்குங்கள், பிந்தின தேதி இல்லை.

தடுப்பூசி மட்டும் கரெக்டட் ஏஜ் பார்ப்பதில்லை, பிறந்த தேதியிலிருந்துதான் கணக்கு. ஆறாவது வாரம் ஆஸ்பத்திரியிலேயே போட்டிருந்தார்கள் என்றால் பத்தாவது வார ஊசி சரியாக உங்கள் பிரசவத் தேதியன்று வருகிறது. போடவில்லை என்றால் இப்போதே கேளுங்கள். தமிழ்நாட்டில் பிறந்து கேரளாவில் ஊசி போடுகிற நம் பிள்ளைகளுக்கு ரெண்டு அட்டை, ரெண்டு மொழி, ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சியிடம் கோவை டிஸ்சார்ஜ் சீட்டின் நகல் ஒன்றைக் கொடுத்து வையுங்கள், எடை, வாரம், என்ன ஊசி போட்டது எல்லாம் அவர்கள் பதிவில் ஏறட்டும். வீட்டில் கூடவே இருக்கிற பெரியவர்கள் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வதும் நல்லது, ஆறு மாதம் வரைக்கும் பிள்ளைகளுக்கு அதைப் போட முடியாது, நம்மைச் சுற்றிப் போட்டால்தான் உண்டு.

கடைக்காரனாக ஒரு வார்த்தை. தீபாவளியன்றும் மறுநாளும் எங்கள் பக்கம் பாதிக் கடை மூடிக் கிடக்கும். சொட்டு மருந்து, பால் புகட்டுகிற பாலாடைக் கிண்ணம், தெர்மாமீட்டருக்கு பேட்டரி எல்லாம் மூணு நாள் முன்னாலேயே வாங்கிவிடுங்கள். எந்த ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டர் டியூட்டியில் இருப்பார் என்று கேட்டு நம்பரைச் சுவரில் ஒட்டுங்கள். பால் குடிக்க எழவே மாட்டேன் என்கிறது, நிமிடத்துக்கு அறுபதுக்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்ளிழுப்பு, உதடு நீலம், வயிறும் பாதமும் சில்லென்று இருப்பது, 37.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல், போர்த்தி நெஞ்சோடு வைத்தும் 36.5-க்கு ஏறாமல் இருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் பலகாரத்தைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். 108-க்குக் கூப்பிட்டால் முதல் வார்த்தையாக ஊரும் மாவட்டமும் மாநிலமும் சொல்லுங்கள். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் போன் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும், கீழே கேரளா டவரை.

அப்புறம் உங்களைப் பற்றி. கேள்வியின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், "எல்லோரும் சந்தோஷமாக இருக்கச் சொல்கிறார்கள், எனக்கு அழுகைதான் வருகிறது" என்று. அதைத்தான் முதலில் எடுத்திருக்க வேண்டும், கடைசிக்குத் தள்ளிவிட்டேன். எங்கள் தீபாவளி என்ஐசியூவில் போயிற்று. அங்கிருந்த நர்ஸ் அக்கா ஒருத்தர் டிபன் பாக்ஸில் அதிரசம் கொண்டு வந்து கொடுத்தார், மாடிப்படியில் உட்கார்ந்து தின்றேன், ருசியே தெரியவில்லை, உள்ளே என் வீட்டுக்காரி பால் பீய்ச்சிக்கொண்டிருந்தாள், இருபது மில்லி வந்தது என்று மெசேஜ் போட்டாள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்து முதல் பொங்கல், பானை பொங்கும்போது அவள் குலவை போடவில்லை, உள்ளே போய் அழுதாள். மைக்ரோவேவ் பீப் அடித்தால் ரெண்டு பேருக்கும் தூக்கிவாரிப் போடும். ஆஸ்பத்திரியில் அழ நேரம் இல்லாமல் சேர்த்து வைத்தது வீட்டுக்கு வந்து நல்ல நாளில் இறங்குகிறது என்றுதான் நான் புரிந்துகொண்டேன். அழுங்கள், பலகாரம் சுடுகிறவர்கள் சுடட்டும். ஆனால் ரெண்டு வாரத்துக்கு மேல் இதே மாதிரி இருந்தால், பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை என்றால், பிள்ளைகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், டாக்டரிடம் சொல்லுங்கள், அது சோம்பலோ நன்றிகெட்டதனமோ இல்லை, பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வு, மருந்து உண்டு. 14416, டெலி மனஸ், காசு கிடையாது, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரளாவில் திசா 1056-ம் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரருக்கும் இது வரும், ஆம்பளை சொல்ல மாட்டான், அவரையும் கவனியுங்கள்.

சமையலைப் பொறுத்தவரை ஒரே விதி, பிள்ளைகள் ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் குடிக்கிற நேரத்தைச் சுற்றித்தான் பண்டிகை. பூஜை எட்டு மணிக்கா, பால் எட்டு மணிக்கா என்றால் பூஜை எட்டரைக்கு. நீங்கள் அடுப்படிக்குப் போகாதீர்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுங்கள், ஒருத்தர் முறுக்கு சுடட்டும், ஒருத்தர் பாலாடையும் பால் பாட்டிலும் கழுவி வெந்நீரில் போடட்டும், ஒருத்தர் துணி துவைக்கட்டும், பிள்ளையைத் தூக்க முடியாத கோபம் வேலையில் கொஞ்சம் தீரும். பீய்ச்சிய பால் வெளியே நாலு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, அன்றைக்குப் பார்த்துக் கரண்டு போகும், நினைவில் வையுங்கள். தீபாவளி லேகியம் கொஞ்சம் சாப்பிடலாம், பலகாரமும் சாப்பிடலாம், இனிப்பு தின்றால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பதை நம்பாதீர்கள். அன்றைக்கு ஒரு படம் எடுத்து என்ஐசியூ நர்ஸ்களுக்கு அனுப்புங்கள். அவர்கள் எடையாக மட்டுமே பார்த்த பிள்ளைகளைப் புதுத்துணியில் பார்த்தால் அவர்களுக்கும் தீபாவளிதான்.

புதுத்துணி என்ன அளவு என்று கேட்டிருந்தீர்கள். கடையில் பிறந்த குழந்தை அளவு என்று வாங்கினால் ரெண்டு கிலோப் பிள்ளை அதற்குள் காணாமல் போய்விடும். ஜரிகை, பட்டு, முத்து வைத்ததெல்லாம் தோலைக் கீறும். அப்புச்சியின் பழைய மல் வேட்டி ஒன்று வாங்கி, தையல்கார அக்காவிடம் முன்னால் முடிச்சுப் போடுகிற சட்டையாகத் தைக்கச் சொல்லுங்கள், துவைத்து வெயிலில் காயப்போட்டு, ஓரத்தில் மஞ்சள் தடவிச் சாமி படத்தின் முன்னால் வைத்துவிடுங்கள். ஆளுக்கு ரெண்டாகத் தைத்து வையுங்கள், படம் எடுக்கிற நேரம் பார்த்து ஒருத்தர் கட்டாயம் பாலைக் கக்குவார்.